இஷ்ஷிகியின் தைரோபிளாஸ்டி: ஜன்னல் எங்கே வைப்பது, குரல் எங்கே கெடுகிறது

#1 கண்டத்தொனி

தைரோபிளாஸ்டி என்பது குரல்நாணைத் தொடாமல், அதைத் தாங்கும் தைராய்டு குருத்தெலும்பை வெட்டியோ நகர்த்தியோ குரலைச் சரிசெய்யும் அறுவை. அதன் முதல் வகையில் குருத்தெலும்பில் சிறு ஜன்னல் வெட்டி, உள்ளே ஒரு அடைப்பை வைத்துக் குரல்நாணை நடுவுக்குத் தள்ளுகிறோம். அதை வகுத்த நொபுஹிகோ இஷ்ஷிகி என்றால் பாடப்புத்தகத்தில் நான்கு வரி அட்டவணை ஒன்று வரும். முதல் வகை உள்ளே தள்ளு, இரண்டாவது விரி, மூன்றாவது தளர்த்து, நான்காவது இழு. தேர்வில் மார்க் வாங்க அது போதும். ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிறவருக்கு அந்த நான்கும் எங்கிருந்து வந்தன என்று தெரிய வேண்டும், அதனால்தான் இந்த இழை.

அவர் கியோட்டோ பல்கலைக்கழகத்துக்காரர். 1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் ஹான்ஸ் வான் லேடனோடு ஆய்வு செய்தார். அந்தக் காலக் கட்டுரைகளில் கத்தி இல்லை, காற்றுதான் இருக்கிறது. குரல்நாண்களுக்குக் கீழே எவ்வளவு அழுத்தம், நொடிக்கு எத்தனை மில்லி காற்று, குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று மூன்றையும் சேர்த்து அளந்தார். 1964இல் வெளியான முடிவு இது: தாழ்ந்த சுருதியில் குரலை உரக்க எழுப்புவது குரல்நாண்கள் காற்றுக்குக் கொடுக்கும் தடை. சுருதி ஏற ஏறத் தடையின் பங்கு குறைந்து, மூச்சின் வேகம் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. கரகரப்பு நோயாளிகளின் காற்றோட்டத்தை வான் லேடனோடு சேர்ந்து அளந்த கட்டுரையும் அதே ஆண்டுதான்.

பத்து ஆண்டு கழித்து, 1974இல், தைரோபிளாஸ்டி. முதலில் நாய்களின் குரல்வளையில் செய்து பார்த்து, நான்கு வகையையும் ஒரே கட்டுரையில் வைத்தார். பக்கவாதக் குரல்நாணுக்கான முதல் வகையின் நோயாளி அனுபவம் 1975இல் தனியாக வந்தது.

வெளியிலிருந்து தள்ளும் யோசனை அவருடையது மட்டுமல்ல. 1915இலேயே எர்வின் பாயர் குருத்தெலும்பை மடல்போல வெட்டி உள்ளே தள்ளியிருக்கிறார். இஷ்ஷிகி சேர்த்தது வேறு இரண்டு. குரல்நாணைத் தொடாமல், அது கட்டப்பட்டிருக்கும் சட்டத்தை எந்தத் திசையில் அசைத்தால் குரல் எப்படி மாறும் என்று ஒரே இயக்கவியலாகப் பார்த்தது ஒன்று. நோயாளியை விழிப்போடு வைத்து, மேசையிலேயே பேசச் சொல்லி அளவை முடிவு செய்தது இன்னொன்று. மற்ற விவரங்கள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவை என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரலாம்.

#2 கரகரப்பிரியா

ஸ்பீச் தெரபி பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். 1964க்கும் 1974க்கும் நடுவே 1969 இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். கரகரப்பை எப்படிப் பிரித்துக் கேட்பது என்று அவர் குழு போட்ட கட்டுரை அது. கேட்பவர்களிடம் குரல்களைக் கொடுத்து மதிப்பிடச் சொல்லி, சொரசொரப்பு, காற்றொழுகல், பலவீனம், மொத்தக் கெடுதியின் அளவு என்று காரணிகளைப் பிரித்தெடுத்தார்கள். இன்று நாம் எல்லோரும் போடும் ஜி.ஆர்.பி.ஏ.எஸ். மதிப்பீட்டின் வேர் அங்கேதான். ஜப்பானியச் சங்கம் அதை வடிவமாக்கியது, மினோரு ஹிரானோவின் 1981 புத்தகம் உலகத்துக்குக் கொண்டுபோனது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3.

இதில் நடைமுறைப் பயன் என்ன? 'பி' (காற்றொழுகல்) 3 ஆக இருந்து 'ஆர்' (சொரசொரப்பு) 1 ஆக இருந்தால் குரல்நாண்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, சட்டத்தை அசைத்தால் பலன் வரும். 'ஆர்' 3, 'பி' 1 என்றால் குரல்நாணின் மேற்பரப்பிலேயே கோளாறு. அங்கே ஜன்னல் வெட்டினால் இடைவெளி மூடும், சொரசொரப்பு அப்படியே நிற்கும்.

அறுவைக்கு முன் குறைந்தபட்சம் எடுக்க வேண்டியவை: ஆழ்ந்த மூச்சு எடுத்து 'ஆ' என்று இழுக்கும் நேரம், மூன்று முறையில் சிறந்தது. பெரியவர்களுக்கு 15 நொடிக்குக் குறையக்கூடாது, ஒருபக்கப் பக்கவாதத்தில் 3 முதல் 6 நொடி சாதாரணமாகப் பார்க்கிறோம். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஆஸ்துமாக்காரருக்கும் பீடி குடித்துக் கெட்ட நுரையீரலுக்கும் நேரம் குறையும். 'ஸ்ஸ்' இழுக்கும் நேரத்தை 'ஸ்ஸ்' அதிர்வோடு (ஆங்கில 'z' போல) இழுக்கும் நேரத்தால் வகுங்கள். இரண்டும் சேர்ந்து குறைந்தால் மூச்சுக் குறை. அதிர்வுள்ளது மட்டும் குறைந்து விகிதம் 1.4ஐத் தாண்டினால் கசிவு குரல்நாணில். காற்றோட்டம் அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. சாதாரணப் பேச்சுக் குரலில் நொடிக்கு 100 முதல் 200 மில்லி, பக்கவாதத்தில் 300ஐத் தாண்டிப் போகும்.

கடைசியாக விரல் சோதனை. நோயாளி 'ஆ' சொல்லும்போது தைராய்டு தகட்டை (தைராய்டு குருத்தெலும்பின் பக்கச் சுவர்) இருபுறமும் நடுப்பகுதியில் மெல்ல அழுத்துங்கள். குரல் தெளிந்தால் முதல் வகைக்கு நல்ல அறிகுறி.

#3 பி.ஜி. இரண்டாம் ஆண்டு

மேடம், விரல் சோதனையில் மாற்றமே தெரியவில்லை என்றால் அறுவை பலிக்காது என்று எடுத்துக்கொள்ளலாமா?

#4 கரகரப்பிரியா

கூடாது. வயதானவர்களுக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, குருத்தெலும்பு எலும்பாகியிருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வளையாது. தெளிந்தால் நம்பலாம், தெளியாவிட்டால் அதை வைத்து முடிவு கட்டக்கூடாது.

#5 பதினைந்தாம் நம்பர் பிளேடு

ஜன்னலுக்கு வருவோம். தைரோபிளாஸ்டி தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான், திரும்பத் திறந்து பார்த்தால் தெரியும். தவறு கிட்டத்தட்ட எப்போதும் ஒரே திசையில்தான் இருக்கும்: ஜன்னல் மேலே போயிருக்கும்.

ஏன் என்றால், கழுத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பகுதிதான் குரல்நாண் மட்டம் என்று கண் ஏமாறுகிறது. குரல்நாண் அதற்குக் கீழே இருக்கிறது. நடுக்கோட்டில் மேல் பள்ளத்துக்கும் தைராய்டு குருத்தெலும்பின் கீழ் விளிம்புக்கும் இடையே தூரத்தை அளந்து பாதியில் புள்ளி வையுங்கள். இரண்டு குரல்நாண்களும் முன்னால் கூடும் இடம் ஏறக்குறைய அது. அங்கிருந்து கீழ் விளிம்புக்கு இணையாகப் பின்னோக்கி ஒரு கோடு போடுங்கள். அது குரல்நாணின் மேல்மட்டம். ஜன்னலின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் உட்கார வேண்டும், முழு ஜன்னலும் அதற்குக் கீழே.

இணைகோடு போடும்போது ஒரு கண்ணி இருக்கிறது. கீழ் விளிம்பில் பின்பக்கமாக ஒரு சிறு புடைப்பு தொங்கும். அதையும் விளிம்பாக எடுத்துக்கொண்டால் கோடு சாய்ந்துவிடும், ஜன்னல் கோணலாகும். தசையை நன்றாக விலக்கி, புடைப்பைக் கண்ணால் பார்த்து, அதை விட்டுவிட்டுத்தான் விளிம்பைக் கணக்கிட வேண்டும்.

முன் விளிம்பு நடுக்கோட்டிலிருந்து பெண்களுக்கு 5 மி.மீ., ஆண்களுக்கு 7 முதல் 8 மி.மீ. பின்னால். இன்னும் முன்னே போனால் அடைப்பு முன்பகுதியில் அழுத்தி, குரல் நெரித்துப் பேசுவதுபோல ஆகிவிடும். ஜன்னல் அளவு சுமார் 6 × 12 மி.மீ. கீழே குறைந்தது 3 மி.மீ. குருத்தெலும்புப் பட்டை மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் அடைப்பை வைக்கும்போதே அது முறியும். பெண்களின் தகடு உயரம் குறைவு, அங்கே 6 மி.மீ. உயரம் எடுத்தால் கீழே ஒன்றும் நிற்காது. உயரத்தை 4 அல்லது 5க்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இளம் குருத்தெலும்பை பிளேடே வெட்டும். எலும்பாகிவிட்டதென்றால் சிறு வைர பர் (சுழன்று அரைக்கும் முனை), தண்ணீர் விட்டுக்கொண்டே. உள்ளிருக்கும் சவ்வு தெரிந்ததும் நிறுத்துங்கள்.

#6 பி.ஜி. இரண்டாம் ஆண்டு

சார், உள்சவ்வை வெட்டலாமா கூடாதா? ஒரு புத்தகம் காப்பாற்று என்கிறது, இன்னொன்று மூன்று பக்கம் வெட்டித் திற என்கிறது.

#7 பதினைந்தாம் நம்பர் பிளேடு

இரண்டும் சரி, எதை உள்ளே வைக்கிறாய் என்பதைப் பொறுத்தது, தம்பி.

இஷ்ஷிகி முதலில் செய்தது வெட்டிய குருத்தெலும்புத் துண்டையே உள்ளே அழுத்தி, பின்னால் சிலிக்கான் ஆப்பு செருகி நிறுத்துவது. அதற்குச் சவ்வு முழுசாக இருக்க வேண்டும், அதுதான் தடுப்புச் சுவர். சிலிக்கான் கட்டியைச் செதுக்கி வைப்பவர்களில் பலர் சவ்வை விளிம்போரமாக வெட்டித் தளர்த்துகிறார்கள். இல்லாவிட்டால் அது இறுக்கிப் பிடித்து, தேவையான ஆழத்துக்குப் போக விடாது. கோர்-டெக்ஸ் பட்டையை மடித்து மடித்துத் திணிப்பவர்களும் உள்ளே பையாக இடம் எடுக்கிறார்கள். சவ்வைத் திறந்தால் இரத்தக்கசிவு கூடும், வீக்கமும் கூடும். அதற்கு ஈடாக, அழுத்தம் வேண்டிய இடத்தில் சரியாகக் கிடைக்கும்.

எதைச் செய்தாலும் ஜன்னலின் மேல்-முன் மூலையில் கவனம். குரல்நாணுக்கு மேலிருக்கும் பள்ளத்தின் சளிச்சவ்வு அங்கே மிக நெருக்கத்தில் ஓடுகிறது. சந்தேகம் வந்தால் காயத்தில் சலைன் ஊற்றி, நோயாளியை மூச்சை அடக்கி முக்கச் சொல்லுங்கள். குமிழி வந்தால் ஓட்டை. அடைப்பு வைக்காமல் மூடிவிட்டு, ஆறிய பின் வேறொரு நாள் பார்ப்பதுதான் பாதுகாப்பு. ஓட்டையோடு வைத்த சிலிக்கான் கிருமி ஏறி ஒருநாள் இருமலில் வெளியே வரும்.

அடைப்பின் உருவம் பற்றி: முன்பகுதியில் பருமன் வேண்டாம், பின்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் வேண்டும். வைப்பதற்கு முன் ஒரு மழுங்கிய கருவியால் ஜன்னல் வழியே நான்கைந்து இடங்களில் அழுத்தி, ஒவ்வொன்றிலும் 'ஆ' சொல்லக் கேளுங்கள். எங்கே குரல் நன்றாக வருகிறதோ அங்கே ஆழத்தைக் குறித்துக்கொண்டு செதுக்குங்கள். இந்தச் சோதனையை இழுத்தடிக்கக் கூடாது. கால் மணி, இருபது நிமிஷம் தாண்டினால் உள்ளே வீங்கத் தொடங்கும், வீக்கமே இடைவெளியை மூடிக் காட்டும். அப்போது கேட்கும் நல்ல குரல் பொய். வீக்கம் வடிந்த பிறகு பழைய கசிவு திரும்பும். அதனால்தான் மேசையில் சற்று இறுக்கமாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துகிறோம்.

#8 பாதி மயக்கம்

மயக்கவியல் பக்கத்தை யாரும் தொடவில்லையே. பேசச் சொல்லிக் கேட்பது என்று எழுதிவிடுவது சுலபம், நோயாளியைப் பேசும் நிலையில் வைத்திருப்பது எங்கள் தலையில்.

கழுத்துக்கு 1 சதவீத லிக்னோகெயின், 1:1,00,000 அட்ரினலினோடு. 50 கிலோ ஆளுக்கு உச்சவரம்பு 350 மி.கி., அதாவது 35 மில்லி. அவ்வளவு தேவைப்படாது, ஆனால் சர்ஜன் நடுவில் நடுவில் போடும்போது கூட்டிக்கொண்டே வாருங்கள். மூக்கில் மரப்பு மருந்து போடுங்கள், குரல்நாணைப் பார்க்கும் ஸ்கோப் அங்கே இருக்கப் போகிறது. குரல்வளைக்குள் தாராளமாகத் தெளிக்காதீர்கள். எச்சில் உள்ளே போனாலும் தெரியாது, குரலும் மாறும்.

டெக்ஸ்மெடிடோமிடின் இதற்கு வசதி. கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் பத்து நிமிஷத்தில், பிறகு மணிக்கு 0.2 முதல் 0.7. தூங்குவார், கூப்பிட்டால் எழுந்து பேசுவார், மூச்சு நிற்காது. நாடித்துடிப்பு குறைவதை மட்டும் பாருங்கள். புரோபோஃபோல் என்றால் வெட்டும்போது ஓட விட்டு, ஜன்னல் திறந்ததும் நிறுத்துங்கள். அரை மயக்கத்தில் வரும் குழறல் குரலை வைத்து அடைப்பைச் செதுக்கினால் யாருக்கும் பயனில்லை. கிளைக்கோபைரோலேட் 0.2 மி.கி. எச்சிலைக் குறைக்கும். டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி. தொடக்கத்திலேயே.

மூக்குக் குழாயில் ஆக்ஸிஜன் ஓடுகிறது, துணிக்கு அடியில் அது தேங்குகிறது, ஒரு சாண் தூரத்தில் மின்சாரத்தால் சுடும் டயதர்மி. தீப்பிடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? அளவைத் தாங்கும் மட்டுக்குக் குறையுங்கள், 30 சதவீதத்துக்குக் கீழ். டயதர்மி போடும் முன் சர்ஜன் சொல்ல வேண்டும், ஆக்ஸிஜனை நிறுத்திச் சிறிது நேரம் விட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

#9 ஊசிமுனை

இவ்வளவு பாடும் எதற்கு? ஓ.பி.யிலேயே ஸ்கோப் போட்டு, கழுத்து வழியே ஊசியில் குரல்நாணை நிரப்பினால் அரை மணியில் நோயாளி பேசிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார். 2020களில் முதல் வகைத் தைரோபிளாஸ்டி எத்தனை பேருக்கு உண்மையில் தேவை?

#10 கண்டத்தொனி

ஊசியும் சட்ட அறுவையும் எதிரிகள் இல்லை, ஆனால் வரலாறு தெரிந்துகொண்டு பேசுவோம். 1911இல் வில்ஹெல்ம் ப்ரூனிங்ஸ் பாரஃபின் போட்டார். 1962இல் காட்ஃப்ரி ஆர்னால்ட் டெஃப்லான் கொண்டுவந்தார், அடுத்த இருபதாண்டு உலகமே அதைப் போட்டது. பிறகு கட்டிகள் வந்தன. உடல் டெஃப்லானைச் சுற்றிக் கிரானுலோமா (அழற்சித் திரள்) கட்டி, குரல்நாணே விறைத்துப் போனது. எடுக்கப் போனால் நாணும் சேர்ந்து போகும். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதுதான் அடிப்படைக் குறை. இஷ்ஷிகியின் வழி பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்: பிடிக்கவில்லையா, ஜன்னலைத் திற, அடைப்பை மாற்று.

இன்றைய மருந்துகள் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஜெலட்டின் 4 முதல் 6 வாரம், கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 2 முதல் 3 மாதம், ஹையலூரானிக் அமிலம் நான்கு முதல் ஆறு மாதம், கால்சியம் ஹைட்ராக்ஸி அபடைட் ஒரு வருஷம் அல்லது கொஞ்சம் கூட. கொழுப்பு எவ்வளவு நிற்கும் என்று யாரும் கையடித்துச் சொல்ல முடியாது.

எனவே கேள்வி காலம் பற்றியது. தைராய்டு அறுவைக்குப் பின் குரல் போயிருக்கிறது, நரம்பு வெட்டுப்படவில்லை என்று சர்ஜன் சொல்கிறார் என்றால் 9 முதல் 12 மாதம் நரம்புக்கு அவகாசம் கொடுங்கள். அந்த இடைவேளைக்கு ஊசி அருமையானது. நரம்பு வெட்டுப்பட்டது உறுதி, அல்லது வருஷம் தாண்டியும் அசைவில்லை என்றால் சட்ட அறுவை. நுரையீரல் புற்றால் வந்த பக்கவாதம், நோயாளிக்கு ஆயுள் குறைவு, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்றால் ஊசியை இன்றே போடுங்கள், ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

#11 ஊசிமுனை

கால அட்டவணை சரிதான். ஆரம்பத்திலேயே ஊசி போட்டவர்களுக்குப் பின்னாளில் நிரந்தர அறுவை தேவைப்படுவது குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள்.

இடத்தைப் பற்றி ஒரு வரி, புதியவர்களுக்கு. ஊசி முனை குரல் முனைப்புக்கு (அரிட்டினாய்டு குருத்தெலும்பில் நாண் பிடித்திருக்கும் நுனி) பக்கவாட்டில், தசைக்குள் ஆழமாக இருக்க வேண்டும். 0.3 முதல் 1 மில்லிக்குள் முடியும். மேலோட்டமாகப் போய் ரைங்க்கே இடைவெளியில் (நாணின் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் கூழ் அடுக்கு) மருந்து பரவினால் நாணின் மேற்பரப்பு அதிர்வது நின்றுவிடும். அப்புறம் இடைவெளி மூடியும் குரல் தகரம். ஹையலூரானிக் அமிலத்தைக் கரைக்க ஹையலூரானிடேஸ் இருக்கிறது, அபடைட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. கைப்பழக்கம் வரும்வரை கரையக்கூடியதிலேயே இருங்கள்.

#12 பதினைந்தாம் நம்பர் பிளேடு

ஊசியும் சரி, ஜன்னலும் சரி, பின்பக்கப் பெரிய இடைவெளியை மூடாது. அடைப்பை எவ்வளவு பெரிதாகச் செதுக்கினாலும் அது தசையை நகர்த்துமே தவிர, நாணின் பின்முனை பிடித்திருக்கும் அரிட்டினாய்டு குருத்தெலும்பைத் திருப்பாது. இதை இஷ்ஷிகியே உணர்ந்துதான் 1978இல் அரிட்டினாய்டு திருப்பும் அறுவையைச் சேர்த்தார்.

யாருக்கு? ஸ்கோப்பில் பின்பகுதி அகலத் திறந்திருக்கிறது, இரண்டு நாண்களும் ஒரே மட்டத்தில் இல்லை, 'ஆ' நேரம் 5 நொடிக்குக் கீழ், புரையேற்றம் இருக்கிறது. இந்தக் கூட்டம் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் முதல் வகையை மட்டும் செய்து அனுப்பாதீர்கள்.

தைராய்டு தகட்டின் பின் விளிம்பைத் தசையிலிருந்து விடுவித்து, கூம்புக்குழியின் (குரல்வளைக்குப் பக்கத்தில் உணவு இறங்கும் குழி) சளிச்சவ்வை ஒதுக்கி, அரிட்டினாய்டின் தசை முனைப்பை விரலால் தேடிப் பிடிக்க வேண்டும். குரல்நாண் மட்டத்தில்தான் இருக்கும், கொண்டைக்கடலையைவிடச் சின்ன மேடு. அதில் 4-0 நைலானைக் கோத்து முன்னோக்கி, சற்றுக் கீழ்நோக்கி இழுத்து, தகட்டில் முடிச்சு. பக்கவாட்டு கிரிக்கோ-அரிட்டினாய்டு தசை எந்தத் திசையில் இழுக்குமோ அதே திசை. பலமாக இழுக்க வேண்டியதே இல்லை, குருத்தெலும்பு தானாகத் திரும்பும். இறுக்கிக் கட்டினால் குரல் முனைப்பு நடுக்கோட்டைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கத்தை இடிக்கும்.

வீக்கம் இதில் அதிகம். மூச்சுத் திணறல் வரக்கூடிய அறுவை இது, முதல் இரவு மருத்துவமனையில் கண்காணிப்பில்தான் இருக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களை அதற்கு முன்பே இருதய மருத்துவரோடு பேசித் தயார் செய்யுங்கள்.

#13 பி.ஜி. இரண்டாம் ஆண்டு

இரண்டாம் வகை எதற்கு என்றே புரியவில்லை. குரல்நாணை விலக்கினால் குரல் போகத்தானே செய்யும்?

#14 கரகரப்பிரியா

இறுகிப் போகும் குரலுக்கு அது. ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியாவில் பேசும்போது நாண்கள் தேவைக்கு மேல் இறுக மூடிக்கொள்கின்றன, வார்த்தை நடுவில் நெரிபடுகிறது. பாட்டு, சிரிப்பு, கிசுகிசுப்பு எல்லாம் நன்றாக வரும், சாதாரணப் பேச்சுதான் உடையும். இதை மன நோய் என்று சொல்லி அனுப்பிய காலம் உண்டு, இன்றும் அனுப்புகிறார்கள்.

1976இல் ஹெர்பர்ட் டீடோ ஒருபக்க நரம்பையே வெட்டினார், பலருக்கும் நாளடைவில் திரும்ப வந்தது. 1984இல் ஆண்ட்ரூ பிளிட்ஸர் போட்டாக்ஸ் போட்டார், இன்று உலகம் முழுக்க அதுதான் முதல் வழி. ஒவ்வொரு பக்கமும் 1 முதல் 2.5 யூனிட் வரை, ஆளுக்கு ஆள் மாறும். முதல் ஓரிரு வாரம் குரல் காற்றாகும், தண்ணீர் புரையேறும், பிறகு நன்றாக இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் மறுபடியும் ஊசி.

இஷ்ஷிகி 2000இல் போட்ட கட்டுரையில் கணக்கு வேறு. கட்டளை மூளையிலிருந்து தப்பாக வருகிறதா, வரட்டும். நாண்கள் இறுக முடியாதபடி சட்டத்தை அகட்டிவிடுவோம். தைராய்டு குருத்தெலும்பை நடுக்கோட்டில் பிளந்து, நோயாளி பேசப் பேச இரண்டு பக்கத்தையும் விலக்கி, நெரிசல் விடும் இடத்தில் நிறுத்துவது. பெரும்பாலும் 3, 4 மி.மீ. அந்த இடைவெளியை மேலும் கீழுமாக இரண்டு டைட்டானியம் பாலங்கள் தாங்கும். ஜப்பானில் அந்தப் பாலத்துக்கு 2017இல் அரசு அனுமதி கிடைத்தது.

#15 பதினைந்தாம் நம்பர் பிளேடு

நான்கிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டியது அதுதான். நடுக்கோட்டுக் குருத்தெலும்புக்குப் பின்னால் குரல்நாண் இணைப்பும் மெல்லிய சளிச்சவ்வும் மட்டுமே. கடைசி அரை மில்லிமீட்டரைப் பிளேடால் வெட்டாமல் சுரண்டித்தான் திறக்க வேண்டும். ஓட்டை விழுந்தால் தைத்து, மேலே தசைத் துண்டு வைத்து மூடாமல் பாலத்தை வைக்கக் கூடாது. அதிகமாக அகட்டினால் நெரிசலுக்குப் பதில் காற்றுக் குரல். நோயாளியிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்: கொஞ்சம் பலவீனமான, ஆனால் உடையாத குரல்தான் இலக்கு.

#16 ஊசிமுனை

போட்டாக்ஸ் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாழ்நாள் முழுக்க, செலவும் நோயாளிமேல். பாலம் ஒரே தடவை. இருந்தாலும் போட்டாக்ஸை ஓரிரு முறை போட்டுப் பார்த்து, பலன் எப்படி என்று தெரிந்த பிறகே பாலம் பற்றி யோசிப்பேன். தளர்ந்தால் குரல் எப்படி இருக்கும் என்று நோயாளிக்கே முன்கூட்டித் தெரிந்துவிடுகிறது. இஷ்ஷிகி சொன்னபடி குரலைக் கேட்டு முடிவு செய்வதுதான் இதுவும், மேசைக்கு வெளியே.

#17 கரகரப்பிரியா

மூன்றாம் வகையைப் பற்றி யாராவது எழுதுவதற்குள் முந்திக்கொள்கிறேன். பையன்களுக்குக் குரல் உடையாமல் கீச்சுக் குரலாகவே நின்றுவிட்டால் தகட்டின் முன்பகுதியில் நெடுக்காக 2, 3 மி.மீ. பட்டையை எடுத்து நாணைத் தளர்த்துவது அது. சுருதி இறங்கும், சந்தேகமில்லை. ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கத்தியே தேவையில்லை.

குரல்வளையின் அமைப்பு வளர்ந்துதான் இருக்கிறது, பழக்கம்தான் மேலே நிற்கிறது. இருமச் சொல்லுங்கள். இருமலில் வரும் சத்தம் ஆண் குரல்தான், அவனுக்கே அதைக் காட்டுங்கள். இருமலை அப்படியே 'ஆ' ஆக நீட்டச் சொல்லுங்கள். கூடவே தைராய்டு பள்ளத்தில் விரலை வைத்துப் பின்னோக்கியும் கீழேயும் அழுத்துங்கள், நாண் தளர்ந்து சுருதி 200 ஹெர்ட்ஸிலிருந்து 120க்கு இறங்குவது கருவியிலேயே தெரியும். பிறகு 'ம்ம்', ஒற்றைச் சொல், எண்கள், வாக்கியம் என்று நகர்த்துங்கள், விரலை எடுத்துவிட்டும் பேசச் சொல்லுங்கள். சில அமர்வுகளில் வந்துவிடும். புதுக் குரலோடு வகுப்புக்குப் போக வெட்கப்படுவதுதான் அதைவிடக் கடினம், வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். இவ்வளவுக்கும் மசியாத சிலருக்கே மூன்றாம் வகை. அதே விரல் அழுத்தம்தான் அறுவைக்கான சோதனையும்.

நான்காம் வகை சுருதியை ஏற்ற. தைராய்டு குருத்தெலும்பையும் அதற்குக் கீழே வளையமாக இருக்கும் கிரிக்காய்டு குருத்தெலும்பையும் நெருக்கித் தைப்பது. திருநங்கையர் பலர் இதைக் கேட்டு வருகிறார்கள். முதலில் நன்றாக ஏறும், மாதங்கள் போகப் போகத் தையல் தளர்ந்து இறங்கும். சுருதியை ஏற்றும் தசையின் வேலையைத் தையல் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதால் மேலே கீழே போகும் வீச்சும் சுருங்கும். பல இடங்களில் இப்போது வெண்ட்லரின் குளோட்டோபிளாஸ்டிக்கு மாறிவிட்டார்கள். நாண்களின் முன்பகுதியை ஒட்டித் தைத்து அதிரும் நீளத்தைக் குறைப்பது அது. எதுவானாலும் அதிர்வெண் மட்டும் பெண் குரல் ஆகாது. ஒலி எதிரொலிக்கும் விதமும் ஏற்ற இறக்கமும் தெரபியில்தான் வரும்.

#18 கண்டத்தொனி

சட்டத்தால் முடியாததையும் சொல்லி வைப்போம். இஷ்ஷிகியின் கட்டுரை வந்த அதே 1974இல் குருமேயில் ஹிரானோ குரல்நாணின் அடுக்குகளைப் பிரித்துக் காட்டினார். மேல்தோல், அதன் கீழ் கூழ் போன்ற மெல்லிய அடுக்கு, நார் அடுக்குகள் இரண்டு, அடியில் தசை. அதிர்வது மேல் இரண்டும். அதில் தழும்பு விழுந்திருந்தாலோ பள்ளம் விழுந்திருந்தாலோ சட்டத்தை எப்படி நகர்த்தினாலும் அலை எழாது. வாய் வழியே கட்டி எடுத்தபோது ஆழமாக வெட்டுப்பட்ட நாண், சல்கஸ் என்னும் பள்ளம் நாணில் உள்ளவர்கள், இவர்களுக்கு முதல் வகை செய்தால் காற்று கொஞ்சம் மிச்சமாகும், தெளிவு அதிகம் கிடைக்காது. ஸ்ட்ரோபோஸ்கோப்பி (விட்டுவிட்டு மின்னும் ஒளியில் நாணின் அதிர்வைப் பார்ப்பது) பார்க்காமல் ஜன்னல் வெட்டக் கூடாது என்று சொல்வது இதற்குத்தான். முதுமையில் மெலிந்த நாண்களுக்கு இருபுறமும் முதல் வகை செய்யலாம், அங்கே மேல் அடுக்கு ஓரளவு மிஞ்சியிருந்தால் நல்ல பலன்.

காரணம் தெரியாத பக்கவாதத்தை ஜன்னலால் மூடிவிடவும் கூடாது. இடப்பக்க நரம்பு பெருந்தமனி வளைவைச் சுற்றித்தான் மேலே வருகிறது. மண்டையோட்டின் அடிப்பகுதியிலிருந்து நெஞ்சு வரை சி.டி. கட்டாயம். நுரையீரல் கட்டி, காசநோய்க் கழலை, ருமாட்டிக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு சுருங்கி வீங்கிய இருதயம், எதுவும் அங்கே ஒளிந்திருக்கலாம்.

#19 பி.ஜி. இரண்டாம் ஆண்டு

கடைசியாக ஒன்று. அடைப்பு வைத்த நோயாளிக்கு நாலு வருஷம் கழித்து குடலிறக்க அறுவை, முழு மயக்கம். எங்களுக்குத் தெரிய வேண்டியது என்ன?

#20 பாதி மயக்கம்

முதலில், நோயாளி சொல்ல மாட்டார். கழுத்து மடிப்பில் மெல்லிய தழும்பு தெரிந்தால் தைராய்டு அறுவை என்று நினைத்துக் கடந்துவிடுவோம், கேளுங்கள். நாண்களுக்கு நடுவே போகாமல் குரல்வளைக்கு மேலேயே உட்காரும் லாரிஞ்சியல் மாஸ்க் போதும் என்றால் அதுவே நல்லது. குழாய் போட வேண்டுமென்றால் வழக்கத்தைவிட ஒரு அளவு சிறியது, பெண்ணுக்கு 6.0 வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே போடுங்கள், நாண் நடுக்கோட்டில் நிற்கும், தள்ளி இடிக்காதீர்கள். எடுத்த பிறகு குரல் மாறியிருந்தால் அடைப்பு நகர்ந்திருக்கலாம், அன்றே இ.என்.டி.யைக் கூப்பிட்டு ஸ்கோப் போடச் சொல்லுங்கள். சிலிக்கானுக்கும் கோர்-டெக்ஸுக்கும் எம்.ஆர்.ஐ. பிரச்சினை இல்லை. டைட்டானியம் பாலம் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து ரேடியாலஜிக்குச் சொல்லிவிடுங்கள்.